நீருக்குள் நிற்கும் நந்தி

நுழையும்முன்

புராணப் பெயர்கள் பாடநூலில் வரும்போது அவற்றை அடிக்கோடிட்டு மனப்பாடம் செய்வதே பலருக்கும் வழக்கமாகிவிட்டது. அகத்தியர், உலோபாமுத்திரை, நந்தி, முனியப்பன், கரகம், தீர்த்தம் என்னும் சொற்கள் வினாத்தாளுக்கு உரியவை மட்டும் அல்ல. ஒரு நிலத்தையும் அந்நிலத்தின் நீரையும் மக்கள் எவ்வாறு புரிந்துகொண்டனர் என்பதைக் காட்டுபவை. மேட்டூர் அணையைச் சுற்றியுள்ள பகுதியைக் களமாகக் கொண்டு அச்சொற்களின் பொருளை ஆராய்கிறது இப்பாடம்.

*

சேலம் மாவட்டம் கொளத்தூரை அடுத்துள்ளது பண்ணவாடிப் பரிசல்துறை. மேட்டூர் அணையில் நீர் நிறைந்திருக்கும் காலத்தில் இத்துறையில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அகன்ற நீர்ப்பரப்பும், அதற்கு அப்பால் தருமபுரி மாவட்டத்து நாகமறைக் கரையும் மட்டுமே தெரியும். குடகிலும் காவிரியின் மேற்பகுதியிலும் மழை பொய்த்து, அணையின் நீர்மட்டம் இறங்கத் தொடங்கினால் காட்சி மாறுகிறது. முதலில் பழைய கிறித்தவத் தேவாலயம் ஒன்றின் இரட்டைக் கோபுரங்கள் நீருக்கு மேலே தலைகாட்டும். மட்டம் ஏறத்தாழ எழுபது அடிக்கும் கீழே போனால், மூழ்கிய சிவன்கோயிலின் நந்தி வெளிப்படும். இன்று அக்கோயிலை மக்கள் ஜலகண்டேசுவரர் கோயில் என்று அழைக்கின்றனர்.

நந்தி தெரிகிறது என்ற செய்தி பரவியதும் பரிசலில் ஏறிப் பார்க்க வருவோர் உண்டு. சேற்றில் நடந்துசென்று மாலை சாத்துவோரும் உண்டு. நாளிதழ்கள் படம் வெளியிடும். அதே படத்தைத் தஞ்சைப் பகுதியின் உழவர் பார்க்கும் பார்வை வேறு. சூன் 12ஆம் நாள் பாசனத்திற்கு அணை திறக்கப்பட வேண்டும் என்பது நெடுநாளைய மரபு. அந்நாள் நெருங்கும் வேளையில் நந்தி முழு உருவோடு வெளியே நின்றால், குறுவைச் சாகுபடிக்கு நீர் இல்லை என்பது அதன் பொருள். ஒரே கற்சிலை, பக்தருக்குத் தரிசனம், உழவருக்குக் கவலை.

மேட்டூர் அணை 1925இல் தொடங்கி 1934இல் கட்டி முடிக்கப்பட்டது. அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் ஸ்டான்லியின் பெயரால் அதன் நீர்த்தேக்கம் வழங்குகிறது. நீர்மட்டத்தின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. இவ்வளவு நீர் தங்குவதற்கு இடம் வேண்டும். அவ்விடத்தில் ஊர்கள் இருந்தன. வயல்களும் கோயில்களும் தேவாலயமும் இருந்தன. டெல்டாவின் நிலங்கள் விளைவதற்காக இங்கே சில ஊர்கள் நிலத்தை விட்டுக்கொடுத்தன என்பதை, அணையின் பெருமையைப் பேசும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே வரியில் கடந்துவிடுகின்றன.

ஊர் மூழ்கினால் தெய்வம் என்னவாகும் என்னும் வினா இங்கே எழுகிறது. இதற்கு விடை காண மூன்று சொற்களை அறிய வேண்டும். மூர்த்தி, தலம், தீர்த்தம் என்று கோயிலின் சிறப்பை மூன்றாகப் பகுத்துக் கூறுவது நம் மரபு. மூர்த்தி என்பது வழிபடப்படும் திருவுருவம். தலம் என்பது அவ்வுருவம் எழுந்தருளியுள்ள இடம். தீர்த்தம் என்பது அவ்விடத்துப் புனித நீர்நிலை. திருவுருவத்திலும் இரு வகை உண்டு. கருவறையில் நிலையாக நிறுவப்பட்டவர் மூலவர். விழாக்காலத்தில் வீதியுலா வருபவர் உற்சவர். உற்சவரைத் தூக்கிச் செல்லலாம்; மூலவரையும் உரிய சடங்குகளோடு வேறிடத்திற்குக் கொண்டுசெல்வது உண்டு. தலத்தைத் தூக்கிச் செல்ல முடியுமா?

நாட்டார் மரபு இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது. ஊர்விட்டு ஊர் பெயரும் மக்கள் தம் தெய்வம் இருந்த இடத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துச் சென்று, குடியேறிய ஊரில் அம்மண்ணை இட்டு அதன்மேல் தெய்வத்தை நிறுவுவர். இதனைப் பிடிமண் எடுத்தல் என்பர். தமிழகத்தில் ஒரே பெயருடைய குலதெய்வம் பல ஊர்களில் இருப்பதற்கு இவ்வழக்கமும் ஒரு காரணமாகும். சிலை செய்யச் சிற்பியும் பொருளும் வேண்டும். மண் எடுக்கக் கை போதும். தலம் என்னும் கருத்தை ஏழை எளியவரும் சுமந்து செல்லும் அளவிற்குச் சுருக்கித் தந்தது இவ்வழக்கம். வடமொழிப் புராணங்களில் இதற்கு நிகரான ஒன்றைத் தேடுவதைவிட, இதனை நம் மக்களின் கண்டுபிடிப்பு என்று கொள்வதே தகும்.

புராணம், இதிகாசம், தொன்மம்

இப்பாடத்தில் புராணம் என்ற சொல் அடிக்கடி வருவதால் அதன் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். புராணம் என்னும் வடசொல்லுக்குப் பழமையானது என்பது பொருள். வடமொழியில் பதினெண் புராணங்கள் என ஒரு தொகுதி உண்டு. ஒரு தலத்தின் வரலாறு, மூர்த்தி, தீர்த்தம் ஆகியவற்றின் பெருமையைக் கூறும் நூல் தலபுராணம். இத்தகைய தலபுராணங்கள் தமிழில் ஏராளமாகத் தோன்றின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஒருவரே பல தலபுராணங்களை இயற்றினார். இதிகாசம் என்பதற்கு ‘இவ்வாறு நிகழ்ந்தது’ என்பது பொருள். இராமாயணமும் மகாபாரதமும் இப்பெயரால் வழங்குகின்றன.

தொன்மம் என்பது தற்காலத் திறனாய்வில் ஆளப்படும் கலைச்சொல். இதன் வேர் தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் எண்வகை வனப்புகளுள் தொன்மை என்பதும் ஒன்று. அது பழங்கதையைப் பொருளாகக் கொண்ட செய்யுளைக் குறிக்கிறது. ஒரு கதை நடந்ததா, நடக்கவில்லையா என்பது தொன்மத்தை ஆராய்வோர் முதலில் கேட்கும் கேள்வி அன்று. அக்கதையைச் சொன்னவர் யார், எங்கிருந்து சொன்னார், எதை விளக்கச் சொன்னார் என்பனவே முதன்மையான கேள்விகள். காவிரியின் கதையில் இதனைத் தெளிவாகக் காணலாம்.

காவிரி பிறந்த கதைகள்

காவிரி ஓடத் தொடங்கியது பற்றி ஒன்றுக்கு மேற்பட்ட கதைகள் வழங்குகின்றன. அவற்றுள் மூன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, காவிரி தோன்றும் குடகு நாட்டில் வழங்குவது. கவேர முனிவர் பிள்ளைப்பேறு வேண்டித் தவம் புரிந்தார். நான்முகனின் அருளால் உலோபாமுத்திரை அவருக்கு மகளாக வாய்த்தாள். கவேரன் மகள் ஆதலின் காவேரி எனப்பட்டாள். அவளை மணக்க விரும்பிய அகத்தியரிடம், தன்னைத் தனியே விட்டுச் செல்லலாகாது என்று அவள் உறுதி பெற்றாள். ஒருநாள் அவர் அவளைக் கமண்டலத்து நீராக வைத்துவிட்டு நீராடச் சென்றார். சொன்ன சொல் தவறியது. அவள் கமண்டலத்தினின்றும் வெளியேறி ஆறாகப் பெருகினாள். பிரமகிரி மலையில் உள்ள தலைக்காவிரியில், ஆண்டுதோறும் துலா மாதப் பிறப்பன்று அவள் ஊற்றாகப் பொங்குவதாக மக்கள் நம்பிக் கூடுகின்றனர்.

இரண்டாவது கதை மணிமேகலையின் பதிகத்தில் உள்ளது. சோழ மன்னன் காந்தமன் தன் நாட்டிற்கு நீர் வேண்டும் என விரும்பினான். அவன் வேண்டுகோளை ஏற்று அகத்திய முனிவர் தம் கரகத்தைக் கவிழ்த்தார். அதிலிருந்து புறப்பட்ட காவிரிப்பாவை கிழக்கு நோக்கி ஓடி, கடற்கரையில் தவம் செய்திருந்த சம்பாபதி என்னும் முதிய தெய்வத்தின் அருகே வந்து சேர்ந்தாள். சம்பாபதி அவளை அன்போடு வரவேற்றாள். அந்நகரம் காவிரியின் பெயரைப் பெற்றது.

மூன்றாவது, கச்சியப்ப சிவாச்சாரியார் இயற்றிய கந்தபுராணத்தில் வருவது. சூரபதுமனுக்கு அஞ்சிச் சீகாழியில் மறைந்து வாழ்ந்த இந்திரன், சிவபூசைக்காக ஒரு நந்தவனம் வைத்திருந்தான். மழையின்றி அது வாடியது. நாரதர் வழிகாட்ட, இந்திரன் விநாயகரை வேண்டினான். கொங்கு நாட்டில் பூசையில் இருந்த அகத்தியரின் கமண்டலத்தின்மீது விநாயகர் காக்கை வடிவில் வந்து அமர்ந்தார். முனிவர் விரட்ட, காக்கை கமண்டலத்தைக் கவிழ்த்தது, காவிரி ஓடியது. தமிழகத்துப் பாட்டிமார் சொல்லும் கதை பெரும்பாலும் இதுவே.

மூன்றிலும் முனிவரும் அவர் கைக்கலமும் மாறவில்லை. நீரை வெளிவிடுவது யார் என்பது மட்டும் மாறுகிறது. குடகுக் கதையில் நதி தானே முடிவெடுத்துப் புறப்படுகிறது. அது ஒரு பிரிவின் கதை. ஆறு பிறந்து உடனே தம் மண்ணைவிட்டு ஓடிவிடுவதைக் காணும் மலைநாட்டார் அதனை அவ்வாறுதான் சொல்ல இயலும். மணிமேகலையில் ஓர் அரசன் வேண்டிப் பெறுகிறான். கதை வரவேற்பில் முடிகிறது. ஆறு வந்து சேரும் கடைமடையில் நின்று சொல்லப்பட்ட கதை அது. கந்தபுராணத்தில் ஒரு வாடிய தோட்டத்திற்காகத் தெய்வமே தந்திரம் செய்கிறது. அதைக் கேட்கும்போது சீகாழிப் பகுதியின் வயல்கள் நினைவுக்கு வராமல் போகா. காவிரி நீர் யாருக்கு உரியது என்ற வழக்கு நீதிமன்றங்களுக்குச் செல்வதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, அவ்வினா கதைகளுக்குள் இருந்தது போலும்.

பெயர் விளக்கத்திலும் இதே வேறுபாடு உண்டு. கவேரன் மகள் காவேரி என்பது ஒரு விளக்கம். கா விரிந்தது, அதாவது சோலைகளை விரித்துச் செல்வது காவிரி என்பது மற்றொன்று. இரண்டுமே பெயர் வழக்கிற்கு வந்தபின் கூறப்பட்ட விளக்கங்களாக இருத்தல் கூடும். ஆயினும் இரண்டாவது விளக்கம் ஆற்றின் இயல்பை நன்கு உணர்ந்தவர் வாயில் பிறந்தது என்பதில் ஐயமில்லை.

உலோபாமுத்திரை கதைக்காகப் படைக்கப்பட்ட பெயர் மட்டும் அன்று. இருக்கு வேதத்தில் அகத்தியரோடு உரையாடும் பாடல் ஒன்று அவர் பெயரோடு இணைத்துக் கூறப்படுகிறது. வேதப்பாடல்களோடு பெயர் சேர்ந்த பெண்கள் மிகச் சிலரே. அவர்களுள் ஒருவரைக் காவிரியாக நம் புராணங்கள் கண்டன.

தெரிந்து தெளிவோம்

மணிமேகலை கூறும் கரகமும் மற்றக் கதைகளில் வரும் கமண்டலமும் ஒன்றே. முனிவர் கையில் ஏந்தும் நீர்க்கலம். ஆடி மாதத்தில் சேலம் கோட்டை மாரியம்மன் முதலிய அம்மன் கோயில்களில் எடுக்கப்படும் கரகமும் கரகாட்டத்தின் கரகமும் இச்சொல்லே. நீர் நிறைந்த கலமே அம்மனாகக் கொள்ளப்படுகிறது. மாரி என்பதற்கு மழை என்பது பொருள் என்பதையும் இங்கே நினைவிற்கொள்க.

துறையும் தீர்த்தமும்

தீர்த்தம் என்னும் வடசொல்லின் அடிப்படைப் பொருள், ஆற்றைக் கடக்கும் இடம் என்பது. தமிழில் இதற்கு நேரான சொல் துறை. பரிசல்துறை, நீராடுதுறை, கூடுதுறை என நாம் வழங்குவன எல்லாம் அப்பொருளை ஒட்டியவையே. மக்கள் கரையிறங்கும் இடமே காலப்போக்கில் வழிபடும் இடமாயிற்று. மேட்டூரிலிருந்து கீழே செல்லும் காவிரியோடு பவானி ஆறு கலக்கும் இடம் கூடுதுறை. திருஞானசம்பந்தர் பாடிய திருநணா அதுவே. அங்குள்ள இறைவன் பெயர் சங்கமேசுவரர். சங்கமம் என்றால் கூடுதல். கண்ணுக்குத் தெரியாத அமுதநதி ஒன்றும் அங்கே வந்து சேர்வதாகக் கூறுவர். முன்னோர்க்கு நீர்க்கடன் செய்வோர் கூடும் துறையாக அது விளங்குகிறது.

ஆடிப்பெருக்கும் துறையின் விழாவே. ஆடித் திங்கள் பதினெட்டாம் நாள், புதுப்புனல் வருவதைக் கொண்டாடும் நாள். காவிரியை மக்கள் அன்று தெய்வமாக மட்டும் காண்பதில்லை. கருவுற்ற பெண்ணாகவும் காண்கின்றனர். மசக்கை கொண்ட மகளுக்குத் தாய்வீட்டார் கொண்டுசெல்வதைப்போலப் பல்வகைச் சோறு சமைத்துக் கரைக்குக் கொண்டுவருவர். காதோலை, கருகமணி, மஞ்சள், பூ, காப்பரிசி ஆகியவற்றை வைத்துப் படைப்பர். பெண்கள் புதிய மஞ்சள் சரடு அணிவர். வளர்த்த முளைப்பாரியை நீரில் விடுவர். விதையின் முளைப்புத்திறனை உழவுப் பருவத்தின் தொடக்கத்தில் சோதித்தறியும் முறையே முளைப்பாரியாயிற்று என்று கருதுவாரும் உளர்.

அணை கட்டப்பட்ட பின் இவ்விழாவின் தன்மை ஓரளவு மாறியது. முன்பு ஆடிப்பெருக்கு மழையைப் பொறுத்தது; இன்று மதகைப் பொறுத்தது. விழாவிற்கென்றே அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்ட ஆண்டுகளும் உண்டு. அரசு ஆணையால் வந்த பெருக்கு ஆயினும், அதனை வரவேற்கும் பெண்கள் அதே பாட்டையும் அதே காப்பரிசியையும் கொண்டே வரவேற்கின்றனர்.

இரண்டு முனிகள்

ஆடிப்பெருக்கன்று மேட்டூரில் நீராடும் மக்கள் அடுத்துச் செல்லும் இடம் அணைக்கட்டு முனியப்பன் கோயில். அங்கே பொங்கலிடுவர், கிடாவும் கோழியும் நேர்ந்துகொண்டவர் அவற்றைப் பலியிட்டு, அங்கேயே சமைத்து, உற்றார் உறவினருடன் உண்பர். சேலம், நாமக்கல், தருமபுரிப் பகுதிகளில் முனியப்பன் கோயில் இல்லாத வட்டாரம் அரிது. உருட்டிய விழியும் முறுக்கிய மீசையும் கையில் வாளுமாகப் பெரிய சுதையுருவில் வீற்றிருப்பது அத்தெய்வத்தின் வழக்கமான தோற்றம். ஊரின் எல்லையையும் ஏரியையும் வழியையும் காப்பவர் ஆதலின் காவல்தெய்வம் எனப்படுகிறார்.

முனி என்ற சொல் இங்கே கருதத்தக்கது. வடமொழியில் முனி என்றால் மௌனமாகத் தவம் செய்பவர். அகத்திய முனி என்னும்போது அப்பொருளே அமைகிறது. தமிழில் முனிதல் என்பது சினத்தல், வெறுத்தல் எனப் பொருள்படும் வினை. முனிவு என்றால் சினம். முனியப்பனின் உருட்டிய விழியைப் பார்ப்பவருக்கு எந்தப் பொருள் முதலில் தோன்றும் என்று சொல்ல வேண்டியதில்லை. கலத்தைக் கவிழ்த்து நீரை ஓடவிட்ட முனி ஒருவர். நீரைத் தடுத்து நிறுத்திய அணையின் அருகே வாளோடு அமர்ந்திருக்கும் முனி மற்றொருவர். ஒரே ஒலியுடைய இரு சொற்கள் ஓர் ஆற்றங்கரையில் இவ்வாறு எதிரெதிரே அமைந்தது தற்செயலே. ஆயினும் சுவையான தற்செயல்.

‘அணைக்கட்டு’ என்னும் அடைமொழியையும் நோக்குக. அணை எழுந்த பின்னரே அப்பெயர் வாய்த்திருக்க முடியும். தெய்வப் பெயர்கள் யாவும் பழங்காலத்தில் தோன்றி அப்படியே நின்றுவிட்டவை என்று எண்ணுதல் பிழை. பொறியாளர் கட்டிய சுவரும் ஒரு தெய்வத்திற்கு முகவரியாக அமையும்.

இத்தகைய தெய்வங்களைச் சிறுதெய்வம் என்று குறிக்கும் வழக்கம் நூல்களில் உண்டு. ஒரு குடும்பம் மணவோலையை முதலில் வைத்து வணங்குவதும், குழந்தைக்கு முதல் முடி இறக்குவதும் குலதெய்வத்தின் முன்னிலையில்தான். அவர்களுக்கு அதனினும் பெரிய தெய்வம் இல்லை. எனவே நாட்டார் தெய்வம் என்ற சொல்லையே இப்பாடம் ஆள்கிறது.

நாட்டார் தெய்வத்திற்கும் இலக்கியத்திற்கும் உள்ள தொடர்பு நெடியது. தொல்காப்பியம் நிலங்களுக்கு உரியவராக மாயோன், சேயோன், வேந்தன், வருணன் ஆகியோரைக் கூறுகிறது. கொற்றவையை வெட்சித்திணையில் வைத்துப் போற்றுகிறது. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் தெய்வம் அமைத்ததாகச் சங்கப் பாடல்கள் குறிக்கும் கொல்லிப்பாவை, காற்றாலும் மழையாலும் தன் அழகு குன்றாதவள் என்று புகழப்பட்டவள். தலைவியின் அழகிற்கு அவளை உவமையாக்கினர் புலவர். அவளுக்குப் பெருங்கோயிலோ நீண்ட புராணமோ தேவைப்படவில்லை. ஒரு மலையும் சில பாடல்களும் போதுமானவையாக இருந்தன.

நந்தி

மீண்டும் பண்ணவாடிக்கு வருவோம். நந்தி என்பதற்கு மகிழ்ச்சி உடையவர், மகிழ்ச்சி தருபவர் என்று பொருள் கூறுவர். சிவன்கோயிலில் இறைவனை நோக்கிப் படுத்திருக்கும் காளையை நந்தி என்கிறோம். நந்தி வாயிற்காவலர், சிவகணங்களின் தலைவர். சைவ மரபில் நந்தி குருவும் ஆவார். திருமூலர் தம் குருவாகப் போற்றுவது நந்தியையே. நந்தி இறைவன்மீது வைத்த பார்வையை இடையே புகுந்து மறைத்தல் ஆகாது என்னும் வழக்கத்தால், அதன் குறுக்கே செல்லாமல் மக்கள் ஒதுங்கிச் செல்வர்.

பண்ணவாடி நந்திக்கும் அதே இருப்புத்தான். அணை நிறைந்த ஆண்டுகளில் அதன் முன்னே மீன்களே குறுக்கிடுகின்றன. நீர் வடிந்ததும் கழுத்திலும் முதுகிலும் உலர்ந்த வண்டல் படிந்த நிலையில் அது வெளிப்படுகிறது. மூழ்கிய நிலத்தில் சில மாதங்களுக்கு மட்டும் பயிர் வைக்கும் உழவர் அதைச் சுற்றி உழுகின்றனர். பருவமழை பிடித்து, ஒகேனக்கல்லைத் தாண்டிப் புதுநீர் இறங்கியதும், அவர்கள் ஏரைக் கரையேற்றுகின்றனர். நீர் முதலில் நந்தியின் முன்னங்காலைத் தொடுகிறது, பிறகு திமிலை. அன்றைக்குத் தஞ்சையில் நாற்றங்காலுக்கு விதை ஊறவைக்கத் தொடங்கியிருப்பார்கள்.

கற்பவை கற்றபின்

1. காவிரியின் தோற்றம் பற்றி உங்கள் வீட்டு மூத்தோர் அறிந்த கதையைக் கேட்டு எழுதுக. பாடத்தில் உள்ள மூன்று கதைகளுள் எதனோடு அது ஒத்துள்ளது? எங்கே வேறுபடுகிறது?

2. அணைக்காகவோ சாலைக்காகவோ ஊர் பெயர்ந்த குடும்பம் உங்கள் பகுதியில் இருப்பின், அவர்களுடைய குலதெய்வம் இன்று எங்கே உள்ளது, அங்கே எவ்வாறு வந்தது என்பதைக் கேட்டறிந்து வகுப்பில் பகிர்க.

3. ‘துறை’ என்று முடியும் ஊர்ப்பெயர்கள் பத்தினைத் திரட்டுக. அவற்றுள் இன்றும் நீர்த்துறை உள்ளவை எவை?

4. சிறுதெய்வம், நாட்டார் தெய்வம் ஆகிய இரு சொற்களுள் எது பொருத்தமானது? பாடத்தின் கருத்தை ஏற்றோ மறுத்தோ ஒரு பக்க அளவில் எழுதுக.